துரு மூடிய சாட்சி
ஒரு பழங் கைத்துப்பாக்கியை முன்வைத்துச் சில சிந்தனைகள்

சென்னையிலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், செங்கல்பட்டுக்குச் சற்று வடக்கே அமைந்த ஊர் சிங்கப்பெருமாள் கோயில். பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் எழுந்த நரசிம்மர் கோயில் அவ்வூருக்குப் பெயர் தந்தது. ஒரகடம் செல்லும் சாலை அங்கே பிரிகிறது. தொழிற்சாலைகள் பெருகிய பின்னர், அவற்றைச் சார்ந்து வாழும் கடைசல் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் அச்சாலைகளின் இருமருங்கிலும் பெருகின. எத்தகைய இரும்பையும் புதிதுபோல் ஆக்கித் தரும் கைகள் அங்கு உண்டு.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அவ்வூரில் வாழ்கிறார். அவருடைய வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியில் பழைய துணியில் சுற்றிய கைத்துப்பாக்கி ஒன்று கிடந்தது. குழல் முழுவதும் துரு. குதிரை அசையவில்லை, விசை அசையவில்லை, மரப்பிடியில் பாதி செல்லரித்திருந்தது. ஹைதர் அலியின் படையில் குதிரைச் சிப்பாயாக வந்து, போர் முடிந்த பின் இப்பக்கத்திலேயே தங்கிவிட்ட மூதாதையர் ஒருவருடையது அது என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பட்டறைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அமிலத்தில் ஊறவைத்துத் துருவை எடுத்து, தீச்சுடர் காட்டிக் குதிரையை இளக்கி, சாணைச் சக்கரத்தில் மெருகேற்றித் தருவதாகவும், சுடுகின்ற நிலைக்கே கொண்டுவந்துவிடலாம் என்றும் கூறியிருக்கிறார். கொடுக்கலாமா என்று மாணவர் நம்மிடம் கேட்டார். எளிய கேள்விதான். ஆயின் விடை தேடப் புகுந்தபோது அது நம்மை வரலாறு, வேதியியல், சட்டம், ஹதீஸ் கலை எனப் பல வாயில்களுக்கு அழைத்துச் சென்றது. அவ்வழியில் கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்மண்ணும் இரும்பும்

திருமறையின் 57ஆம் அத்தியாயம் இரும்பின் பெயரையே, அல்ஹதீத் என்று, தாங்கி நிற்கிறது. இரும்பில் கடும் ஆற்றலும் மனிதர்க்குப் பயன்களும் ஒருங்கே வைக்கப்பட்டிருப்பதை அங்கே இறைவன் நினைவூட்டுகிறான். இவ்விரண்டையும் நெடுங்காலமாகக் கண்ட நிலம் செங்கல்பட்டு வட்டாரம். மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் 1950லும் 1952லும் மத்தியத் தொல்லியல் துறையினர் பெருங்கற்காலக் கல்லறைகளை அகழ்ந்தபோது ஈமப்பொருள்களோடு இரும்புக் கருவிகளும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்த இரும்பு பளபளப்போடு வெளிவருவதில்லை. துருவின் உருவில்தான் வெளிவரும். அக்காலத்து வாளின் நீளத்தையும் ஈட்டிமுனையின் வடிவையும் நமக்குக் காத்துத் தந்தது அத்துருவே என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

குடும்பச் செய்தி குறிக்கும் போரும் கற்பனையன்று. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக வழங்கினார். அதனாலேயே கும்பினியார் இப்பகுதியை ‘ஜாகீர்’ என்றே அழைத்தனர். 1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையுடன் கருநாடகத்துள் இறங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள், அதாவது ஹிஜ்ரி 1194 ரமளான் மாதத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை முற்றாக முறியடிக்கப்பட்டது. திப்பு சுல்தானும் ஹைதரும் முற்றுகையிட, கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. சிறைப்பட்ட பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1782இல் இறந்தார். அவருக்குத் துணையாகச் சென்றிருக்க வேண்டிய ஜெனரல் ஹெக்டர் மன்றோ காஞ்சியிலேயே தங்கிவிட்டார். செய்தி அறிந்ததும் தம்மிடமிருந்த கனத்த பீரங்கிகளைக் கோயிற் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக் கோட்டைக்கு விரைந்தார். அங்கிருந்து பரங்கிமலைக்குப் பின்வாங்கினார். செங்கல்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் இடையிலுள்ள இந்நிலப்பகுதியில்தான் சிங்கப்பெருமாள் கோயில் இருக்கிறது.

கடற்கரைப் பக்கமும் அமைதியாக இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே டச்சுக்காரர் வணிகக் கோட்டை கட்டியிருந்த சதுரங்கப்பட்டினத்தை 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். மறு ஆண்டு பிப்ரவரி 17இல் அக்கடற்பகுதியில் பிரெஞ்சுத் தளபதி சப்ஃரானும் ஆங்கிலத் தளபதி ஹ்யூஸும் மோதிக்கொண்டனர். இத்தனை படைகள் கடந்து சென்ற ஒரு வட்டாரத்தில், ஒரு வீட்டுப் பரணில் ஒரு கைத்துப்பாக்கி எஞ்சியிருப்பது வியப்பன்று. ஆயினும் ‘இருக்கலாம்’ என்பது வேறு, ‘இருந்தது’ என்பது வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கச் சான்று வேண்டும்.

சொற்கள் தரும் சான்று

கருவி வந்த வழியைச் சொற்களும் காட்டும். துப்பாக்கி என்னும் சொல் துருக்கியர் வழங்கிய சொல்லிலிருந்து, தக்காணத்து உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. பீரங்கி என்பது ஐரோப்பியரைக் குறிக்கும் ஃபிரங்கி என்ற சொல்லின் திரிபு. அதன் மூலம் அரபியின் அல்இஃப்ரன்ஜ். சிப்பாய் என்பது பாரசீகத்தின் ஸிபாஹி. வெடிக்கும் பொடியைத் தமிழர் மருந்து என்கின்றனர். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்ரம்மாஹ் போன்றோரின் போர்க்கலை நூல்களிலும் அக்கலவைக்கு ‘தவா’, அதாவது மருந்து, என்றே பெயர். சீனரும் அதனைத் தீமருந்து என்றே அழைத்தனர். மூன்று மொழிகளும் ஒரே உவமையில் சந்திப்பது தற்செயலாக இருத்தல் அரிது. பின்னரே அரபியில் ‘பாரூத்’ என்ற சொல் நிலைபெற்றது.

பூட்டு காட்டும் காலம்

பழந் துப்பாக்கியின் வயதை அறிய அறிஞர்கள் முதலில் நோக்குவது குழலையன்று; தீமூட்டும் பொறியையே. இதனைப் பூட்டு என்பர். தொடக்கத்தில் எரியும் திரியைக் கொண்டு தீயிட்டனர். அடுத்து வந்தது சக்கிமுக்கிப் பூட்டு. குதிரையின் வாயில் இறுக்கிய சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி எழுப்பும். அப்பொறி சிறு கிண்ணத்திலுள்ள மருந்தில் விழுந்து, பற்றுவாய் என்னும் துளை வழியே குழலுக்குள் செல்லும். ஹைதர், திப்பு காலத்துப் படைகளில் இதுவே சிறந்த முறை. மூன்றாவது, செப்புக் கேப்பு முறை. ஸ்காட்லாந்துப் பாதிரியாரான ஃபோர்சைத் 1807இல் அதன் அடிப்படைக்குக் காப்புரிமை பெற்றார். 1820களில் செப்புக் கேப்பு பரவிற்று. 1830களின் இறுதியில்தான் பிரித்தானியப் படை இம்முறைக்கு மாறத் தொடங்கிற்று.

நம் மாணவர் வீட்டுத் துப்பாக்கியில் கல்லைக் கவ்வும் வாய் இல்லை. கேப்பைப் பொருத்தும் முளையே துருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியாயின் அது 1780ஆம் ஆண்டுப் போரில் இருந்திருக்க முடியாது. குடும்பச் செய்தி பொய் என்று முடித்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. கேப்பு முறை வந்தபோது மக்கள் பழைய துப்பாக்கிகளை எறிந்துவிடவில்லை. கொல்லரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டனர். எஃகுத் தகட்டையும் அதன் விசைச்சுருளையும் மருந்துக் கிண்ணத்தையும் கழற்றிவிட்டுப் பற்றுவாயில் முளையைத் திருகினர். பழைய திருகாணித் துளைகளை இரும்பால் அடைத்து அராவினர். இவ்வாறு மாற்றப்பெற்ற துப்பாக்கியின் பூட்டுத் தகட்டில் அடைபட்ட துளைகள் வட்டத் தழும்புகளாக நிற்கும். தழும்பு உண்டெனில் அது சக்கிமுக்கிக் காலத்தில் பிறந்தது, இல்லையெனில் பிற்காலத்தது. அக்குடும்பத்தின் இருநூற்றாண்டு நினைவு நிற்பதும் வீழ்வதும் இரண்டு மூன்று மிளகளவுத் தழும்புகளைப் பொறுத்தது. அவையோ துருவின் அடியில் இருந்தன. பட்டறைச் சாணைச் சக்கரம் முதலில் தின்பது அவற்றைத்தான்.

துரு என்பது யாது?

துருவை அழுக்கு என்று கருதுவதே தவறுகளின் தொடக்கம். அழுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டுவது, துரு அவ்வாறன்று. இரும்பே காற்றின் ஆக்சிஜனோடும் நீரோடும் கூடித் துருவாகிறது. இரும்பு இழந்ததே துருவாக நிற்கிறது. நெடுங்காலம் துருவேறிய பொருளில் கைவினைஞன் விட்ட பழைய மேற்பரப்பு, உள்ளிருக்கும் உலோகத்தில் இராது. துருவின் அடுக்குகளுக்கிடையே இருக்கும். அதற்கு மேலேயுள்ள துரு மண்ணையும் தூசியையும் கவ்விப் பருத்தது. கீழேயுள்ளது ஒருகாலத்து உலோகம். செதுக்கிய எழுத்தும் பதித்த வெள்ளிக் கம்பியும் அவ்விடை அடுக்கிலேயே தங்கியிருக்கும். ‘துரு முழுவதையும் நீக்கிச் சுத்த இரும்பைக் கண்டோம்’ என்று மகிழ்பவர், உண்மையில் எழுத்து இருந்த தாளைக் கிழித்தெறிந்து அடியிலிருந்த பலகையைக் கண்டவராவார்.

கடற்கரையை அடுத்த ஊர்களில் மற்றொரு தொல்லை, உப்பு. காற்றோடு வரும் குளோரைடு இரும்பின் நுண்விரிசல்களுள் புகுந்துவிட்டால், மேலே எவ்வளவு மெருகிட்டாலும் உள்ளே அரிப்பு தொடரும். சில நாளில் மேற்பரப்பில் மஞ்சட் பழுப்பான நீர்த்துளிகள் அரும்பும். இரும்பு அழுகிறது என்றே வல்லுநர் இதனைக் கூறுவர். அப்பொருளைக் காரக் கரைசலில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, வெள்ளி நைட்ரேட் இட்டுச் சோதித்து, உப்பு வெளியேறிற்றா என்று காண்பர். சோதனை நீர் வெண்ணிறமாகக் கலங்காத நிலை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அமிலத்தில் முக்கும் பட்டறை முறையில் இப்பொறுமைக்கு இடமில்லை. அமிலம் தானே புதிய குளோரைடை உள்ளே விட்டுச் செல்வதும் உண்டு.

இத்துறையில் நமது சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1851இல் தோன்றிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பேணல் பிரிவு தொடங்கப்பெற்றது. டாக்டர் எஸ். பரமசிவன் அதன் முதல் வேதியியலாளர். இந்திய அருங்காட்சியகங்களில் இத்தகைய ஆய்வுக்கூடம் அதற்கு முன் இருந்ததில்லை. பச்சைக் களிம்பேறி அழிந்துகொண்டிருந்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் அவர் மீட்டார். இரும்புக்கும் அம்முறை உண்டு. சலவைச் சோடா கரைந்த நீரில் பொருளை எதிர்மின் முனையில் கட்டித் தொங்கவிட்டு, மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால், நுண்குமிழிகள் எழுந்து துருவைத் தளர்த்தும்; உப்பும் வெளியேறும். ஆனால் உள்ளே உலோகம் போதிய அளவு எஞ்சியிருந்தால்தான் இது பொருந்தும். உலோகம் நலிந்திருப்பின் எழுத்துத் தாங்கிய அடுக்கு பொலபொலவென்று உதிர்ந்துவிடும். எனவே முதலில் எடை, பின்பு காந்தம், கூடுமானால் ஊடுகதிர்ப் படம். அதன் பின்பே நீர்த்தொட்டி.

நம் காலத்திலேயே நடந்த நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. 2018 ஜூலையில் கர்நாடகத்துச் சிவமொக்கா மாவட்டம் நகர என்னும் ஊரில், பாழ்கிணறு ஒன்றைத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ஏவுகணைக் குழல்கள் கிடைத்தன. திப்பு சுல்தானின் படைக்கென்று சேமித்தவை அவை. சேற்றிலிருந்து வந்த வெடிமருந்து வாடையே அங்கு அகழத் தூண்டிற்றாம். குழல்கள் அனைத்தும் துருவேறியிருந்தன. அவற்றுள் ஒன்றையேனும் மீண்டும் பறக்கவிட வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை. குழல்களின் நீளம், தடிப்பு, மருந்தின் கலவை ஆகியன அறியப்படுவதே அவற்றின் பயன் என்று உணர்ந்து சிவமொக்கா அருங்காட்சியகத்தில் வைத்தனர்.

ஸாஜும் கடுக்காயும்

துருவை முற்றிலும் நீக்காமல் அதனை அடங்கிய நிலைக்கு மாற்றும் முறைகளுள் இன்று பெரிதும் வழங்குவது டானிக் அமிலப் பூச்சு. டானின் துருவோடு கூடினால் நீலக் கருமை நிறமுள்ள, எளிதிற் கரையாத படலம் உண்டாகும். அதன்மேல் மெழுகு பூசினால் ஈரம் அணுகாது. இதனைக் கேட்டபோது, அரபுக் கல்லூரியில் பழைய கையெழுத்துப் படிகளோடு காலங்கழித்த நமக்கு ஒரு நினைவு எழுந்தது. நாம் அறிந்த மையும் இதுவே அல்லவா?

கடுக்காயை இடித்து ஊறவைத்த நீரில் அன்னபேதியைச் சேர்த்தால் கறுத்த மை கிடைக்கும். கடுக்காய் டானின், அன்னபேதி இரும்பின் உப்பு. அரபு நாடுகளில் கடுக்காயின் இடத்தில் ‘அஃப்ஸ்’ என்னும் மாசிக்காய். அன்னபேதிக்கு ‘ஸாஜ்’ என்று பெயர். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் கைரவானை ஆண்ட அல்முயிஸ் இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் ‘உம்தத்துல் குத்தாப்’ என்னும் நூல் இத்தகைய மை வகைகளை விரிவாகக் கூறும். அந்த ஸாஜுக்கு மற்றொரு பணியும் இருந்தது. கலீஃபா முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றித் தனி நூல் எழுதிய அல்கிந்தியும், கனிமங்களைப் பற்றிய தம் நூலில் இரும்புக்கு ஓர் இயல் ஒதுக்கிய அல்பீரூனியும், இந்திய எஃகின் அலைவரிகளை வியந்து பேசியவர்கள். அவ்வரிகளை வாளின் மேனியில் தெளிவுறக் காட்டக் கொல்லர்கள் ஸாஜ்நீரைப் பூசினர்.

ஆக, எழுதுவோன் தாளில் எழுத்தைக் கறுக்கச் செய்ததும், கொல்லன் வாளின் வரியை வெளிக்கொணர்ந்ததும், இன்றைய வேதியியலார் துருவை அடக்குவதும் இரும்பைச் சுற்றிய ஒரே குடும்பத்து அறிவு. அவ்வறிவு நம் முன்னோர்க்குப் புதிதன்று; நாம்தாம் அதனை மறந்து சாணைச் சக்கரத்திடம் செல்கிறோம்.

‘இயங்கும் நிலை’ என்னும் ஆசை

பழம்பொருளை மீண்டும் இயங்கச் செய்ய விரும்புவது மனித இயல்பு. நின்றுபோன கடிகாரம் ஓடினால் மகிழ்கிறோம். ஆனால் துப்பாக்கி கடிகாரமன்று. அக்காலத்துக் குழல்கள் இரும்புப் பட்டையைக் காய்ச்சி உருளையின்மேல் சுற்றி, அடித்து ஒட்டிச் செய்தவை. ஒட்டிய பொருத்துகளின் வழியே துரு உள்ளிறங்கும். வெளியே மெருகிட்ட குழல் உள்ளே சல்லடையாக இருக்கலாம். மருந்து வெடிக்கும்போது அது பிளந்து சுடுவோனின் கையையே கொண்டுபோகும்.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், வழக்கொழிந்த வகையினதோ தொன்மை மதிப்புடையதோ பழுதுற்றதோ ஆன ஆயுதம், பழுது நீக்கியும் நீக்காமலும் சுடுகருவியாகப் பயன்படுத்த இயலாததாக இருப்பின், அதற்கு விலக்கு அளிக்கிறது. அதாவது, சுட இயலாமையே அதற்குப் பாதுகாப்பு. அதனைச் சுடும் நிலைக்குக் கொணர்ந்த நொடியில் அது உரிமம் வேண்டும் ஆயுதமாகிவிடும். உரிமம் இன்றிப் பிறருடைய துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் குற்றமே. நூறாண்டு கடந்த பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் கூடாது. பட்டறைக்காரரின் நல்லெண்ணம் நம் மாணவரை எங்கே கொண்டு நிறுத்தியிருக்கும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு, உயிரைப் பற்றியது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழந் துப்பாக்கிகள் பல, கெட்டித்தபடியே பரணேறியவை. ஈரம் படாத கருமருந்து நூறாண்டு கழித்தும் வெடிக்கும். எனவே பழந் துப்பாக்கி எதையும், வேறென்று தெளியும்வரை, கெட்டித்ததாகவே கருத வேண்டும். மெல்லிய மரக்கோலைக் குழலுக்குள் மெதுவாக விட்டு, வாயருகே அடையாளமிட்டு, பின் அதனை வெளியே குழலின்மேல் வைத்துப் பார்த்தால், கோல் பற்றுவாய்வரை சென்றதா என்று தெரியும். அருங்காட்சியகப் பணியில் பழகி ஓய்வுபெற்ற நம் வேதியியல் நண்பர் ஒருவர் இவ்வாறு செய்து பார்த்தபோது, கோல் இரண்டு விரற்கிடை முன்பே நின்றுவிட்டது. அக்கணமே துப்பாக்கியைக் கீழே வைத்தோம். குடும்பத்தார் காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்தனர். அறிந்தவர் முன்னிலையில் குழலை நன்கு நனைத்து, சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்ததில் வந்தது மருந்தன்று. குளவி கட்டிய மண்கூடு. எல்லோரும் சிரித்தோம். ஆனால் கோல் நின்ற கணத்தில், தீச்சுடர் காட்டி இளக்கலாம் என்ற பட்டறை யோசனையை நினைத்து நமக்கு உடல் நடுங்கியதை மறைக்க வேண்டியதில்லை.

அனஸ் (ரலி) அவர்களின் கிண்ணம்

இனி, மாணவரின் கேள்விக்கு நம் மரபு தரும் விடை யாது? ஸஹீஹுல் புகாரியின் பானங்கள் பற்றிய பாடத்தில் ஒரு செய்தி வருகிறது. நபி (ஸல்) அவர்களின் கிண்ணம் ஒன்று அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களிடம் இருந்தது. அது விரிசல் கண்டிருந்தது. அவ்விரிசல் வெள்ளியால் பிணைக்கப்பட்டிருந்தது. அக்கிண்ணத்தில் இரும்பு வளையம் ஒன்றும் இருந்தது. அதனை எடுத்துவிட்டுப் பொன்னாலோ வெள்ளியாலோ வளையம் அமைக்க அனஸ் (ரலி) விரும்பினார். அபூதல்ஹா (ரலி) தடுத்தார். அல்லாஹ்வின் தூதர் அமைத்ததில் எதையும் மாற்ற வேண்டா என்பது அவர் கூறியதன் கருத்து. அனஸ் (ரலி) அவ்வாறே விட்டுவிட்டார்.

இச்செய்தியில் நபித்தோழர்களின் பேரன்பு மட்டுமின்றி ஒரு நுட்பமான வேறுபாடும் அமைந்திருக்கிறது. விரிசலைப் பிணைத்தது குறையாகக் கருதப்படவில்லை. பிணைக்காவிடின் கிண்ணமே இராது. ஆனால் இரும்பு வளையத்தைப் பொன்னாக்குவது வேறு. அது கிண்ணத்தைக் காப்பதன்று. அழகுபடுத்துவதன் பெயரால் அதன் சாட்சியை மாற்றுவது. அழிவைத் தடுத்தல் கடமை, மாற்றியமைத்தல் அத்துமீறல். உலகின் அருங்காட்சியகங்கள் இருபதாம் நூற்றாண்டில் விதிகளாக வகுத்துக்கொண்ட கொள்கையின் சாரம் ஓர் இரும்பு வளையத்தைப் பற்றிய இச்சிறு உரையாடலில் இருக்கிறது என்றால் மிகையன்று.

ஹதீஸ் கலைவாணர்களின் நடைமுறையும் இதனோடு ஒத்தது. தமக்கு வந்த ஏட்டில் ஒரு சொல் பிழையாகத் தோன்றினால், ஆசிரியரிடமிருந்து அவ்வாறே வந்திருக்குமாயின், அதனை அவர்கள் திருத்தி எழுதவில்லை. சொல்லை அப்படியே விட்டு அதன்மேல் ஓர் அடையாளம் இட்டனர். அதற்குத் ‘தள்பீப்’ என்று பெயர். ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் ‘முகத்திமா’வில் இதனை விளக்குகையில், கதவை அடைக்கும் ‘ளப்பா’வையும் உடைந்த பாத்திரத்தில் இடும் ஒட்டுத் தகட்டையும் நினைவூட்டுகிறார். ஒட்டு இருப்பது தெரிய வேண்டும். உடைந்த இடம் மறைக்கப்படலாகாது. ஏட்டுக்கு இவ்வளவு நேர்மை காத்த சமுதாயத்தின் பிள்ளைகள், இரும்புக்கும் அந்நேர்மையைக் காட்டலாம்.

உள்ளம் துருவேறுவதைப் பற்றி நம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். திருமறையின் 83ஆம் அத்தியாயத்திலுள்ள ‘ரான’ என்ற சொல்லை விரிவுரையாளர்கள் அவ்வகையில் விளக்குவர். உள்ளத்தின் துருவை முற்றிலும் துடைத்தாக வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் உவமையைப் பொருளாக மயங்கி, வீட்டிலுள்ள ஒவ்வொரு பழம்பொருளையும் தேய்த்துப் பளபளப்பாக்குவது அறமென்று கொள்ளலாகாது.

வெளிப்பட்டவையும் மறைந்தவையும்

நண்பர் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அத்துப்பாக்கியோடு இருந்தார். ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்துக் குறிப்பு எழுதினார். உருப்பெருக்கியின் அடியில், சிறு கத்தியால், மேல்துருவை மட்டும் மணல்மணலாக நீக்கினார். குதிரையை அசைக்க முயலவில்லை. உப்பைப் போக்கி, உலர்த்தி, டானின் பூசி, மெழுகிட்டார். குழல் இப்போது பளபளக்கவில்லை. ஆழ்ந்த கருமையோடு அமைதியாக இருக்கிறது.

பூட்டுத் தகட்டில் தழும்புகள் இருந்தன. அடைத்த இரும்பு சற்று வேறு நிறமாக, இரண்டு வட்டங்கள். ஆகவே அது சக்கிமுக்கித் துப்பாக்கியாகப் பிறந்து பின்னர்க் கேப்புக்கு மாற்றப்பட்டது. குடும்பச் செய்தி மெய்யென்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. அது பொய் என்று தள்ளப்படும் நிலையிலிருந்து தப்பியது, அவ்வளவே. மூதாதையரின் கையில் அது 1780இல் இருந்ததா, பின்னர் யாரிடமேனும் விலைக்கு வாங்கப்பட்டதா என்பதைத் தழும்பு சொல்லாது.

சொல்லக்கூடிய ஒன்று இருந்தது. குழலின் அடிப்பகுதியில் வெள்ளிக் கம்பி பதித்த எழுத்தின் சுவடு வெளிப்பட்டது. நண்பர் நம்மை அழைத்தார். ஐன், மீம், லாம்: ‘அமல்’. இன்னாரது கைவேலை என்று தொடங்கும் பொறிப்பு. திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் செய்த துப்பாக்கிகளில் ஆக்கியோன் பெயரும் ஊரும், அவர் வழங்கிய மௌலூதி ஆண்டும் பொறிக்கப்பெற்றவை இன்றும் உலக அருங்காட்சியகங்களில் உள்ளன. அத்தகைய ஒரு பெயரை எதிர்பார்த்து அடுத்த எழுத்தைத் தேடினோம். அங்கே பரப்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. துரு தின்ற குழி அன்று. கை தேய்த்த பள்ளம்.

மாணவரின் தாயார் அதன் காரணத்தைச் சொன்னார். அவருடைய மாமியார் காலம்வரை, வீட்டில் நிக்காஹ் நடக்கும்போதெல்லாம் அத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செங்கற்பொடியிட்டுத் தேய்த்துக் கூடத்தில் வைப்பார்களாம். பிடிக்கும் கைக்கு வாகான இடமே மிகுதியாகத் தேய்ந்திருக்கிறது. பெயரை அழித்தது பகையுமன்று, புறக்கணிப்புமன்று, மதிப்புத்தான். தேய்ப்பது நின்று, பெட்டிக்குள் கிடந்து துருவேறிய பின்னரே எஞ்சிய ஒரு சொல் காப்பாற்றப்பட்டது.

இப்போது அத்துப்பாக்கி காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கப்பட்டுள்ளது. உள்ளே நாம் எழுதிக் கொடுத்த தாள் ஒன்றும் இருக்கிறது. உறுதியாகத் தெரிந்தவை ஒருபுறம். குடும்பத்தார் சொல்பவை ஒருபுறம். ‘அமல்’ என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி. அவ்விடைவெளியை நிரப்ப மாணவரின் தம்பிக்குப் பெரு விருப்பம். பொருத்தமான பெயர் ஒன்றை வெள்ளியில் பதித்துத் தரவும் ஆள் உண்டு என்றார். வேண்டா என்றோம்.

நம் கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் இத்தகைய பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. வாள், கட்டாரி, பூட்டு, கப்பல் கருவி, செப்புப் பாத்திரம், அரபுத்தமிழ் ஏடு என எதுவாயினும், வாசகர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. தேய்க்காதீர்கள், அமிலம் இடாதீர்கள், தீயில் காட்டாதீர்கள். படம் எடுங்கள், பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நாளிட்டு எழுதிவையுங்கள், ஈரமின்றி வையுங்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள். ஒரு பழம்பொருள் இயங்குவதைவிட, தன்னைப் பற்றி உண்மை சொல்லும் நிலையில் இருப்பதே பெரிது. நம்மிடம் வந்தது அமானிதம். வந்தபடியே அடுத்தவரிடம் சேர்ப்பது நம் கடன். வல்லாஹு அஃலம்.